தாணா ஸ்டேஷனில் கேட்ட கையெழுத்து

ஞாயிறு காலை 7.10, மாட்டுங்கா.

உல்லாஸ்நகருக்குப் போக வர இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஒன்று எடுத்தேன். எட்டு ரூபாயும் கொஞ்சம் சில்லறையும். தூரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ரயில் ஒழுங்காக ஓடினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒழுங்காக ஓடினால்.

பம்பாய்ப் பக்கம் வராதவர்களுக்கு இந்த அட்டை டிக்கெட்டின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்ப வேண்டும். மறுநாள் அது வெறும் அட்டை. அதோடு லோக்கல் வண்டிக்கு மட்டும்தான் செல்லும். அதே தண்டவாளத்தில் அதே கல்யாணுக்குப் போகிற மெயிலிலோ எக்ஸ்பிரஸிலோ இதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாதவன் கணக்குதான். அபராதம் கட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் பன்னிரண்டு வருஷமாகக் காகிதம் பார்க்கிறவன் நான். கையெழுத்தும் சீலும் இல்லாத காகிதத்தை மேஜையைத் தாண்ட விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

போகிற காரியம் காதுகுத்து. என் தங்கை கோமதியின் மகனுக்குப் பதினோரு மாசம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முறை. அந்தத் தாய்மாமன் நான். அவளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது, அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். எனக்கும் அவளை விட்டால் யாருமில்லை, கல்யாணமும் ஆகவில்லை.

அப்படியிருந்தும் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சிந்திப் பையனைக் கட்டிக்கொண்டாள். ரமேஷ் என்று பேர். "நம்ம ஆளு இல்லை" என்று நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கும் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அவளே இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தாள். "இங்க இவங்க வீட்டுல மடி கிடி எல்லாம் தெரியாது. எங்க அண்ணன் வருவான், அவன் மடியிலதான் குத்தணும்னு பிடிவாதமாச் சொல்லிட்டேன். என்னை விட்டுக்குடுத்துராதண்ணே" என்று எழுதியிருந்தாள். நான் ஒரு கார்டில் "கண்டிப்பாக வருகிறேன்" என்று பதில் போட்டேன். இரண்டே வார்த்தை. அதை எழுதி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

7.25.

முத்தையா பத்தர் பூக்கடைத் தெருவிலிருந்து வந்து சேர்ந்தார். தாராவியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறவர். ஐம்பத்தைந்து வயசு, வாய் நிறைய வெற்றிலை. காது குத்தப்போவது அவர்தான். ஊசி, தங்கக் கம்பி, சந்தனம் எல்லாம் அவர் பையில். கடுக்கன் மட்டும் என் சட்டைப் பையில். அவரே செய்துகொடுத்ததுதான், கால் பவுன். ஒரு வாரமாக அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். தினமும் டப்பியைத் திறந்து பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"என்னவே, மாப்பிள்ளை மாதிரி வந்துருக்கீரு? மடிப்புக் கலையாத வேட்டி!" என்றார்.

"பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்ளே முடிச்சிரணும் பத்தரே. பன்னிரண்டுக்கு எமகண்டம்."

"அதெல்லாம் ஒன்பது மணிக்குப் போயி இட்லி தின்னுட்டு உக்காந்துருப்போம். வாரும்."

வண்டி 7.40க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானாலும் நின்றுகொண்டுதான் போனோம்.

8.05, சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில்.

ராத்திரி முழுக்கப் பெய்த மழை காலையில் தூறலாக நின்றிருந்தது. ஆனால் தண்ணீர் வடியவில்லை. தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. வெளியே ஒருவன் முழங்காலளவு தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வண்டியை முந்திப் போனான். பெட்டியே சிரித்தது.

அப்படியே முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். அதற்குள் பத்தரிடம் என் பழைய கதையைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லோக்கல் பாஸை வைத்துக்கொண்டு அவசரத்தில் ஒரு மெயிலில் ஏறி, தாதரில் மாட்டிக்கொண்டேன். அபராதம் கட்டப் பையில் பணமில்லை. இன்னும் பத்துப் பேரோடு பிளாட்பாரத்தில் வரிசையாகக் குந்த வைத்தார்கள். அந்த வழியாக எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் போனார். பார்த்தார், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

"சூடு கண்ட பூனைன்னு சொல்லும்," என்றார் பத்தர்.

"ஆமா. அதுக்கப்புறம் ஒருநாள்கூட சட்டம் தவறினதில்லை."

"சட்டத்துக்கு என்னவே, அது பாட்டுக்குக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப வாசல் பக்கம் போனார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

9.35, தாணா.

பம்பாய் வி.டி. ஸ்டேஷனிலிருந்து முப்பத்து நான்கு கிலோமீட்டர். எங்கள் வண்டி இங்கேயே நின்றுவிட்டது. மும்ப்ரா பக்கத்தில் ஸ்லோ லைனில் மின்கம்பி அறுந்துவிட்டதாம். கல்யாண் போகும் லோக்கல் எல்லாம் ரத்து. எப்போது சரியாகும் என்று தெரியாது. பிளாட்பாரம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. குழந்தைகள் அழுதன, டீக்காரன் மட்டும் சந்தோஷமாக இருந்தான். தங்கைக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் அவள் வீட்டில் போன் கிடையாது.

பத்து நிமிஷத்தில் அடுத்த பிளாட்பாரத்தில் புனா போகும் எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. ஃபாஸ்ட் லைன் திறந்திருந்ததால் தூரத்து வண்டிகளை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிறுத்தம் கல்யாண். ஏறினால் அரை மணி நேரம்.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதலில் மராத்தியில், பிறகு இந்தியில். லோக்கல் டிக்கெட்டும் பாஸும் வைத்திருப்பவர்கள் கல்யாண் வரை இந்த வண்டியில் போகலாம், இன்றைக்கு மட்டும். நான் தெளிவாகக் கேட்டேன். கேட்கவில்லை, புரியவில்லை என்று இப்போது சாக்குச் சொல்ல வழியில்லை. இரண்டு தடவை கேட்டேன்.

ஜனம் பாலத்தில் ஏறி இறங்கி ஓடியது. பத்தரும் நானும் ஓடினோம். பெட்டி வாசலில் பத்தர் ஏறிவிட்டார். நான் கைப்பிடியைப் பிடித்தவன் நின்றுவிட்டேன்.

"ஏறும்வே! என்னத்த யோசிக்கீரு?"

"பத்தரே, வாயால சொன்னா போதுமா? கல்யாண்ல செக்கர் பிடிச்சா எதைக் காட்டுறது? ஒலிபெருக்கியையா கழட்டிட்டுப் போக முடியும்?"

"இத்தனை சனமும் ஏறுதுல்லா!"

"அன்னைக்குத் தாதர்லயும் பத்துப் பேர் இருந்தான். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருதேன். ரெண்டு நிமிஷம்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உமக்கு? ஏறும்னா!"

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சட்டைப் பையிலிருந்து கடுக்கன் டப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "ஒருவேளை நான் இதுல ஏற முடியலைன்னாலும் இது போய்ச் சேரட்டும். அடுத்த வண்டியில வந்துருதேன். முன்ஜாக்கிரதைக்குத்தான்," என்றேன். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பத்தர் டப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை முன்னால் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். எல்லாரும் பணம் திரும்பக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முண்டியடித்து உள்ளே போய் டிக்கெட்டை நீட்டினேன். உள்ளே இருந்த அதிகாரி, வயசானவர், இரண்டு கையிலும் இரண்டு டெலிபோன். "அனௌன்ஸ் செய்தாகிவிட்டதே, போய் உட்கார்" என்று இந்தியில் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்றேன். அந்த மனுஷன் கோபப்படவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து நாலு வார்த்தை கிறுக்கி, கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

ஓடியிருக்கலாம். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"சீல்?" என்று கேட்டேன்.

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பியூனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பியூன் மேஜை டிராயரைத் திறந்தான், அலமாரியைத் திறந்தான். சீல் கிடைத்தது, இங்க் பேட் காய்ந்திருந்தது. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். நான் பொறுமையாக நின்றேன். அவன் சீலைக் காகிதத்தில் வைத்து அழுத்தும்போது கார்டு விசில் ஊதினான்.

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். கையில் பையும் குடையும். பையில் தேங்காய், வாழைப்பழம், மருமகனுக்கு எடுத்த பட்டுச் சட்டை. நான் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பத்தர் வாசலில் தொங்கியபடி கையைக் கையை ஆட்டினார். என்னமோ கத்தினார், காதில் விழவில்லை.

9.55 முதல் 11.20 வரை, அதே தாணா.

அடுத்து இரண்டு மெயில் வந்தது. இரண்டும் நிற்காமல் போனது. சீல் வைத்த காகிதம் என் கையில் பத்திரமாக இருந்தது. எந்தச் செக்கர் வந்தாலும் காட்டலாம். ஒருத்தனும் வரவில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே போய் பஸ் விசாரித்தேன். பிவண்டி ரோட்டில் தண்ணீர், மத்தியானம் வரை பஸ் கிடையாது என்றான் கண்டக்டர். டாக்ஸிக்காரனோ கல்யாணுக்குச் சர்வ சாதாரணமாக நூற்றைம்பது ரூபாய் கேட்டான். என்னிடம் எழுபது இருந்தது. திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் டோம்பிவிலிக்குப் போகிற ஒரு மராத்திக்கார அம்மாள், கூடையில் கணபதிக்குப் பூ வைத்திருந்தாள்.

"எக்ஸ்பிரஸில் விட்டார்களே, நீ ஏன் போகவில்லை?" என்று கேட்டாள்.

"நீங்கள் ஏன் போகவில்லை?"

"எனக்கு முட்டி வலி. பாலம் ஏற முடியாது. உனக்கு?"

எனக்கு என்ன வலி என்று சொல்வது? காகிதத்தைக் காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றாகச் சீல் விழுந்திருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

அதுவரைக்கும்கூட எனக்கு ஒரு தைரியம் இருந்தது. தாய்மாமன் வராமல் குத்தமாட்டார்கள், இந்த நேரம் போனால் வேறு நல்ல நேரம் பார்ப்பார்கள் என்று. பதினொரு மணி வாக்கில்தான் மண்டையில் உறைத்தது. கடுக்கனும் அங்கே, பத்தரும் அங்கே. கடுக்கன் என்னிடம் இருந்திருந்தால் எனக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும். காத்திருக்க வேண்டிய காரணத்தை நானே டப்பியில் போட்டு அனுப்பிவைத்திருக்கிறேன். அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

11.20க்கு முதல் லோக்கல் கிளம்பியது. மும்ப்ராவில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கழிமுகம். மழை கழுவிவிட்ட மலையிலிருந்து ஏழெட்டு இடத்தில் அருவி விழுந்தது. கல்யாணத்துக்கு முந்தி கோமதி ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். மழைக்காலத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிச் சொல்லி நான்கு மழைக்காலம் கடத்தினேன். இப்போது அவள் தினமும் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறாள். நான்தான் அன்றைக்கு முதல்முறை பார்த்தேன், அதுவும் வண்டி எப்போது நகரும் என்ற பதைப்போடு.

12.20, கல்யாண். 12.50, உல்லாஸ்நகர்.

கல்யாணிலிருந்து ஆட்டோ. சந்து சந்தாகக் கடைகள். துணி, செருப்பு, பித்தளைச் சாமான், அப்பளம். எல்லாப் போர்டிலும் சிந்தி எழுத்து. இரண்டாம் மாடியில் வீடு. மாடிப்படியிலேயே, காது குத்தி முடித்ததும் கொடுக்கிற காப்பரிசியின் வெல்ல வாசனை வந்தது. அந்த வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கதவைத் திறந்தது ரமேஷ். நான் நினைத்துவைத்திருந்த ஆள் இல்லை. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, என் ஆபீஸில் பக்கத்து மேஜையில் உட்காரக்கூடிய பையன். "வாங்க அண்ணாச்சி" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கோமதி எத்தனை நாள் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று தோன்றியது.

கூடத்தில் வாழை இலை, பச்சரிசி, உடைத்த தேங்காய். கிழக்கே பார்த்து ஒரு மணைப்பலகை. பத்தர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. ரமேஷின் அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தொட்டிலில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை, சிவந்த காது மடல், என் கடுக்கன். அழுது அழுது தூங்கியிருக்கிறான், தூக்கத்திலும் விக்கல் வந்தது.

கோமதி சமையலறை வாசலில் நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள்.

"யாரு மடியில?" என்று கேட்டேன்.

"என் மடியிலதான். பதினொன்னே முக்கால் வரைக்கும் பாத்தேன். வாசலுக்கும் உள்ளுக்குமா எத்தனை நடை! எங்க மாமியார், 'உங்க ஆளுக வரமாட்டாங்க, விடு'ன்னாங்க. இல்ல, வருவான்னு சொன்னேன். எமகண்டம் வந்துரும்னு பத்தர் சொன்னாரு. நானே உக்காந்துட்டேன்."

"தாணாவுல லோக்கல் ரத்தாயிட்டு கோமு. எக்ஸ்பிரஸ்ல இந்த டிக்கெட் செல்லாது. அதான் எழுதி வாங்க…" என்று சொல்லிக்கொண்டே சீல் வைத்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். ஐயோ, நீட்டினேன்! ஆபீஸில் லேட்டாக வந்தவன் மெடிக்கல் சர்டிபிகேட் நீட்டுகிற மாதிரி.

அவள் அதை வாங்கவில்லை.

"இதே டிக்கெட்ல பத்தர் வந்தாருல்லா?" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னைக்குச் சாதி, இன்னைக்கு டிக்கெட். உனக்கு எப்பவும் குறுக்க ஒண்ணு வந்துரும்ணே."

பத்தர் எழுந்து பால்கனிக்குப் போனார். ரமேஷுக்கு எவ்வளவு புரிந்ததோ, "சாப்பாடு, சாப்பாடு" என்று என் கையிலிருந்த பையை வாங்கினான். பை அடியில் வாழைப்பழம் நசுங்கிப் பட்டுச் சட்டையெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. கோமதி அதை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் அலசினாள். நான் சாப்பிட்டேன். சாம்பாரும் வைத்திருந்தாள், கடலை மாவுக் குழம்பும் சோறுமாக அவர்கள் வீட்டுக் கடிச்சாவலும் இருந்தது. இலையில் மிச்சம் வைக்கவில்லை, அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டுமே.

மாலை 5.00.

பையன் எழுந்து என்னிடம் வந்தான். முதலில் அழுதான், பிறகு என் கண்ணாடியைப் பிடுங்கினான். மடியில் வைத்துக்கொண்டேன். மணைப்பலகையில் இல்லை, சும்மா பாயில். கோமதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"மழை மறுபடி பிடிச்சிட்டு. இருந்துட்டுக் காலையில போயேன்," என்றாள்.

என் வாய் என் மனசைக் கேட்கவில்லை. "ரிட்டர்ன் டிக்கெட் இன்னைக்கு மட்டும்தான் செல்லும்," என்று சொல்லிவிட்டது.

பன்னிரண்டு வருஷப் பழக்கம். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அதுக்கென்ன, இருந்துருதேன்" என்று திருத்தியிருக்கலாம். ஐந்து ரூபாய்க்குள் இன்னொரு டிக்கெட். ஆனால் கோமதி அதற்குள் "சரி" என்று சொல்லிப் பையனை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். ரொம்பச் சாதாரணமாகத் தூக்கினாள். அலசிய பட்டுச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வண்டி நேரத்துக்கு வந்தது. உட்கார இடம் கிடைத்தது. உல்லாஸ்நகரிலிருந்து மாட்டுங்கா வரை யாரும் டிக்கெட் கேட்கவில்லை. மாட்டுங்காவில் வாசலில் நின்ற டிக்கெட் கலெக்டர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நானாகவே அவர் கையில் டிக்கெட்டைத் திணித்துவிட்டு வெளியே வந்தேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. உல்லாஸ்நகர் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்று முதலிலேயே எழுதினேன். கன்னியாகுமரிக்குக்கூட இடையில் ஒருமுறை போய்வந்துவிட்டேன், அங்கே போகவில்லை. தீபாவளிக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, எல்லோரும் சௌக்கியம் என்று.

போன வாரம் தாராவியில் முத்தையா பத்தரைப் பார்த்தேன். பட்டறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொன்னார்.

"உம்ம தங்கச்சி மக அழுத்தக்காரிவே. போன மாசம் காது குத்தும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ரெண்டாவது பொம்பளப் பிள்ளைன்னு உமக்குத் தெரியும்லா?" என்று கேட்டார்.

"தெரியும், தெரியும். லீவு கிடைக்கலை," என்றேன்.

டீ ஆறும் வரை நின்றேன். யார் மடியில் வைத்துக் குத்தினீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டவன் அதை எப்படிக் கேட்பது?